மறுநாள் காலை யார் வேலை கொடுத்தார்கள்?

‘ஜகாட்’ படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தது கியா பார்மில், அக்கா வீட்டில். வெளியே மழை. காய்கறிக் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு அக்காவும் வந்து உட்கார்ந்துகொண்டார். அக்கா மகன் கோலாலம்பூரில் ஒரு ஸ்டார்ட்அப்பில் வேலை பார்த்தவன். முதலீட்டுப் பணம் தீர்ந்து கம்பெனியை மூடிவிட்டதால் இரண்டு வாரமாக மலையில் இருக்கிறான். படம் முடிந்ததும் கேட்டான்: “மாமா, தோட்டத்த வித்தப்ப இவங்களுக்கெல்லாம் யாருமே வேலை பாத்துக் குடுக்கலையா?”

அந்தப் படத்தைப் பற்றி நான் ஏற்கெனவே பேசியிருக்கிறேன், பாராட்டியிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015 இறுதியில் வெளிவந்தது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. தொண்ணூறுகளின் தொடக்கம். ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்பில் வாழ்கின்றன. அப்போய் என்ற பையன், படி படி என்று அடிக்கும் அப்பா மணியம், போதையில் சிக்கிச் சீரழிந்த சித்தப்பா பாலா, அடியாளாகிவிட்ட சித்தப்பா துரை. கெட்டது என்று பொருள்படும் மலாய்ச் சொல்தான் நம் ஆட்கள் வாயில் ஜகாட் ஆகிறது.

வன்முறையின் வேர்களைக் காட்டும் படம் என்றுதான் நாம் எழுதினோம். மருமகனின் கேள்வியோடு பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தோட்டம் போனபிறகு அந்த இளைஞர்களைத் தேடி வந்து, உனக்கு என்ன தெரியும் என்று கேட்டு, சம்பளமும் தோழமையும் கொடுத்த ஒரே அமைப்பு கும்பல்தான். வேலைவாய்ப்பு அலுவலகம் செய்யவேண்டியதை அது செய்தது. படத்தின் கூர்மையான அரசியல் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். இயக்குநர் இதை வசனத்தில் சொல்லவில்லை, சொல்லாததும் நல்லது.

மருமகன் தன் மடிக்கணினியில் ஒரு பட்டியலைக் காட்டினான். கம்பெனியை மூடுவதற்கு முன் அதன் முதலாளி தயாரித்தது. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இவர் எதில் கெட்டிக்காரர், எப்போது சேரலாம், எந்த ஊருக்குப் போவார் என்று இருக்கிறது. அதைத் தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். இது இன்று ஒரு வழக்கமாகியிருக்கிறது. 2020 மே மாதம் ஏர்பிஎன்பி ஏறக்குறைய 1,900 பேரை, அதாவது நாலில் ஒருவரை, வெளியே அனுப்பியபோது ஆளெடுக்கும் பிரிவில் ஒரு பகுதியினரை அவர்களுக்கு வேலை தேடும் பணியில் அமர்த்தியது. விரும்பியவர்களின் விவரங்களைப் பொதுவில் வைத்தது. நிறுவனத் தலைவர் பிரையன் செஸ்கி எழுதிய கடிதத்தை அப்போது பலர் புகழ்ந்தார்கள். அதில் விளம்பரமும் உண்டு என்று சந்தேகிக்கலாம். ஆனால் அதில் உள்ளவை செய்தாயா இல்லையா என்று கேட்டுச் சரிபார்க்கக்கூடிய காரியங்கள். கண்ணீரைச் சரிபார்க்க முடியாது.

நம் தோட்டக் கதைகளில் எனக்குள்ள குறை இங்கேதான். நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை லாரியில் சாமான் ஏறுவதோடு முடிந்துவிடுகின்றன. கோயில் மணி, ஆலமரம், திரும்பிப் பார்க்கும் கிழவி. மறுநாள் காலை யார் யாரிடம் போய் வேலை கேட்டார்கள் என்பது கதைக்குள் வருவதில்லை. இழப்பு மட்டும்தான் இலக்கியம், பிழைப்பு இலக்கியமில்லை என்று எப்போது முடிவு செய்தோம்?

வரலாற்றில் பொருள் இல்லாமலும் இல்லை. ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தொழிலாளர்களே பங்குப் பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்கட்டும் என்று 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சிடிம் அது வாங்கிய முதல் தோட்டம். வேலை போகிறவனுக்கு வேறு வேலை தேடுவதற்குப் பதிலாக அந்த வேலையையே விலைக்கு வாங்கும் யோசனை. எத்தனை வீட்டில் இதற்காகச் சண்டை நடந்திருக்கும், எத்தனை பேர் நம்பாமல் சிரித்திருப்பார்கள்! ஒரு நாவலுக்கு இது போதாதா?

சட்டம் வந்ததும் தெரியும். 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இருபது வருடம் என்றால் 400 நாள் கூலி. அந்தக் கணக்கில் லயத்து வீட்டுக்கு இடமில்லை. மருமகனுக்கு 2018இல் வந்த வேலைக் காப்புறுதித் திட்டம் உண்டு. முதல் மாதம் சம்பளத்தில் 80 சதவீதம், பிறகு குறைந்துகொண்டே வரும். வேலையோடு அவன் வீடும் போகவில்லை. இரண்டையும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி இரண்டுக்கும் பொது.

உள்ளறையிலிருந்து அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அதை வீடமைப்புக்கு விற்றபிறகு இங்கே மலைக்கு வந்து கொழுந்து எடுத்தவர்.

“ஏம்மா, ஒனக்கு யாரு வேலை பாத்துக் குடுத்தா?”

“யாரு குடுப்பா? ஒங்க பெரியம்மா இங்க மண்டோருகிட்ட சொல்லி வச்சா. கை சுத்தமான பொம்பளன்னு சொன்னாளாம். பஸ்ஸேறி வந்துட்டேன்.”

கை சுத்தம் என்றால் பட்டையை மட்டும் சீவி மரத்தைக் காயப்படுத்தாத கை. அந்த ஒரு வரிதான் அம்மாவின் பட்டியல். அதை வைத்துத்தான் நானும் அக்காவும் படித்தோம். எங்களோடு புறப்பட்ட மற்ற குடும்பங்களுக்குச் சொல்ல ஒரு பெரியம்மா இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரித்ததுமில்லை.

மருமகன் பட்டியலில் ஒரு புதிய வரிசையைத் திறந்து, “பாட்டி, வேற என்னென்ன தெரியும் சொல்லுங்க” என்றான். “இத எவன்டா கேட்டான்” என்று சிரித்தார். பிறகு கத்தியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும், மழைநாளில் எப்படி, எந்தக் கொழுந்தை விட்டுவைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அவன் தட்டச்சு செய்துகொண்டே இருந்தான். அடுத்த தோட்டக் கதையை எழுதப்போகிறவர் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.