நின்ற இடத்தில் நடை: வீட்டு ட்ரெட்மில் ஒரு மதிப்பீடு

வீட்டுக்கென விற்கப்படும் ட்ரெட்மில்லைக் கடையில் பார்ப்பவரின் கண்ணுக்கு முதலில் படுவன அதன் திரையும், பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருக்கும் குதிரைத்திறன் எண்ணுமே ஆகும். ஆனால் ஓராண்டு கழித்தும் அதில் யாரேனும் நடந்துகொண்டிருப்பார்களா, அல்லது அது துணி காயப்போடும் இடமாகிவிடுமா என்பதை முடிவு செய்பவை விளம்பரத்தில் இடம்பெறாத மூன்று பொருள்கள்: கருவியைச் செருகும் பவர் பாயிண்ட், காலடியில் ஓடும் பெல்ட், கருவிக்குப் பின்னால் விடப்படும் வெற்றுத் தரை. மடக்கி நிறுத்தக்கூடியதும், நேர்மின் மோட்டாரில் இயங்குவதும், மணிக்கு 12 முதல் 14 கிலோமீட்டர் வரை வேகம் தருவதுமான நடுத்தர வீட்டு ட்ரெட்மில் வகையை எடுத்துக்கொண்டு, அதை நிறுவுதல், பயன்படுத்துதல், பேணுதல் ஆகிய மூன்று நிலைகளிலும் இம்மூன்றையே அளவுகோலாக வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

குதிரைத்திறனும் பிளக்கும்

மோட்டாரின் திறன் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. நெடுநேரம் சூடேறாமல் தரக்கூடிய ஆற்றல் தொடர்திறன் எனப்படும். சில நொடிகளுக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சம் உச்சத்திறன் எனப்படும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் உச்சத்திறனே என்பதால், வாங்குபவர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்; எனவே 4 குதிரைத்திறன் என்பது 2,984 வாட். நம் வீடுகளில் மின்விசிறிக்கும் தொலைக்காட்சிக்கும் பயன்படும் 6 ஆம்பியர் சாக்கெட், 230 வோல்ட் மின்னழுத்தத்தில் அதிகபட்சம் 1,380 வாட் வரையே தாங்கும். ஆகவே, பக்கத்தில் 4 குதிரைத்திறன் என்று ஒட்டியிருக்கும் கருவியின் வயர் நுனியில் சிறிய 6 ஆம்பியர் பிளக் இருந்தால், அந்த எண் தொடர்ந்து கிடைக்கும் திறனைக் குறிப்பதாக இருக்க இயலாது என்பதை பிளக்கே சொல்லிவிடுகிறது.

நடைக்கு மட்டும் பயன்படுத்துவோருக்கு ஒன்றரை முதல் 2 குதிரைத்திறன் வரையும், அன்றாடம் ஓடுவோருக்கு இரண்டரைக்கு மேலும் தொடர்திறன் இருந்தால் போதும். கருவி தாங்கும் எடையாக நிறுவனம் குறிப்பிடும் அளவு, வீட்டில் அதிக எடை கொண்டவரின் எடையைக் காட்டிலும் 20 கிலோவாவது கூடுதலாக இருப்பது மோட்டாரின் ஆயுளை நீட்டிக்கும்.

16 ஆம்பியர் பவர் பாயிண்டில், கீசரோ ஏசியோ பங்கு போடாத தனி இணைப்பில், முறையான எர்த்துடன் கருவியைச் செருகுவதே பாதுகாப்பானது. மெல்லிய வயர் கொண்ட ஜங்ஷன் பாக்ஸ் வழியே இணைத்தால் வயர் சூடேறுவதோடு, மின்னழுத்தம் இறங்கி மோட்டார் திணறவும் செய்யும். வீட்டு இன்வெர்ட்டர்களில் பல சதுர அலை மின்சாரத்தையே தருவதாலும், மோட்டார் புறப்படும்போது இழுக்கும் மின்சாரத்துக்கு அவை ஈடுகொடுக்க மாட்டாமையாலும், இன்வெர்ட்டர் இணைப்பில் ட்ரெட்மில்லை ஓட்டுவது அதன் கட்டுப்பாட்டு அட்டையைப் பறிகொடுப்பதில் முடியலாம். நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்த் திரும்பினால் கருவி தானாகப் புறப்படாமல் நிறுத்த நிலையிலேயே இருக்கிறதா என்பதை, ஓரத்தில் நின்றபடி, வாங்கிய முதல் நாளே சோதித்துவிடுவது நல்லது.

இடமும் உயரமும்

பெட்டியோடு 60 கிலோவைத் தாண்டக்கூடிய கருவியை இருவர் இல்லாமல் நகர்த்தக் கூடாது. தூண்களைப் பொருத்தும்போது, தூணுக்குள் செல்லும் திரை வயர் நசுங்காமல் பார்த்துக்கொண்டு, போல்ட்டுகள் அனைத்தையும் முதலில் கையால் மட்டும் திருகி நிறுத்தி, எல்லாம் நேர்கோட்டில் அமைந்தபின் ஆலன் கீயால் இறுக்குவதே முறை. ஒவ்வொன்றாக முழுதும் இறுக்கிக்கொண்டு போனால் கடைசி போல்ட் துளையில் இறங்காது. டைல்ஸ் தரையில் கனமான ரப்பர் விரிப்பொன்றைப் போட்டு, நான்கு கால்களும் ஆடாமல் பதிகின்றனவா என்று பார்க்க வேண்டும். மட்டம் தவறினால் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

வீட்டு ட்ரெட்மில்களின் பாதுகாப்பை வரையறுக்கும் ஐரோப்பியத் தரநிலையும் அதன் வழிவந்த ஐஎஸ்ஓ 20957-6 தரநிலையும் கருவிக்குப் பின்னால் 2 மீட்டரும் இரு பக்கங்களிலும் அரை மீட்டரும் வெற்றிடம் கேட்கின்றன. ஒன்றே முக்கால் மீட்டர் நீளமுள்ள கருவிக்கு இதன்படி 12 அடிக்கும் சற்றுக் கூடுதலான நீளம் வேண்டும் என்பதால், 10-க்கு 12 அடி படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே அதைச் செருகிவிடலாம் என்ற எண்ணம் ஏட்டளவில் மட்டுமே சரிப்படும். மடக்கும் வசதி கருவியை நிறுத்திவைக்கும் இடத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது. நடப்பதற்குத் தேவையான இடத்தில் ஓர் அங்குலத்தைக்கூட அது குறைப்பதில்லை. பின்னால் சுவரோ பீரோவோ இருக்குமானால், தடுமாறி விழுபவர் பெல்ட்டை விட்டு வெளியேற வழியின்றி அதற்கும் ஓடும் பெல்ட்டுக்கும் இடையே சிக்கிக்கொள்வார்.

தமிழகத்து வீடுகளில் வழக்கமான இன்னொரு தடை தலைக்கு மேல் சுழல்கிறது. தரையிலிருந்து 8 அடி, அதாவது 244 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கும் மின்விசிறி, தரையில் நிற்பவருக்கு எட்டாது. ஆனால் 180 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் கையைத் தூக்கினால் விரல் நுனி 225 சென்டிமீட்டர் அளவுக்கு எட்டும். அவர் ஏறி நிற்கும் பலகையின் 15 முதல் 20 சென்டிமீட்டரையும் சாய்வின் உயரத்தையும் சேர்த்தால் அக்கை விசிறி இறக்கையைத் தொட்டுவிடும். எனவே விசிறி நேர்மேலே அமையாமல், எதிரே சற்றுத் தள்ளி இருக்கும்படி கருவியை வைக்க வேண்டும். பால்கனியில் வைப்பது மழைச்சாரலாலும், கடலோர ஊர்களில் உப்புக்காற்றாலும் ரோலர்களையும் மின் இணைப்புகளையும் துருவுக்குக் கொடுப்பதாகும்.

பெல்ட்டின் மேல்

கருவியைத் தொடங்கும்போது பெல்ட்டின் மேல் நிற்காமல், இருபுறமும் உள்ள அசையாத ஓரப்பட்டைகளில் கால் வைத்து நின்று, பாதுகாப்புச் சாவியின் கயிற்றை இடுப்புத் துணியில் கிளிப்பிட்டு, மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் பெல்ட் நகரத் தொடங்கிய பின்னரே அதன் மேல் கால் பதிக்க வேண்டும். பாதுகாப்புச் சாவி என்பது திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும் சிறு காந்தம். நடப்பவர் பின்னுக்குச் சரிந்தால் கயிறு அதை இழுத்துவிட, மோட்டாருக்குச் செல்லும் ஆணை அறுந்து பெல்ட் நிற்கிறது. இது வேலை செய்கிறதா என்பதை மாதம் ஒருமுறை, ஆள் ஏறாத நிலையில், மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் கயிற்றை இழுத்துப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் செருப்பு அணியாத பழக்கம் காரணமாக வெறுங்காலுடன் ஏறுவோர் உண்டு. பெல்ட்டின் உராய்வு பாதத்தோலைச் சுட்டுவிடும் என்பதாலும், விரல் ஓரப்பட்டையில் சிக்கக்கூடும் என்பதாலும், தெருவுக்குப் போகாத ஒரு ஜோடி ஷூவை இதற்கென்றே ஒதுக்குவது பாதத்துக்கும், மணல் ஏறாமல் பெல்ட்டுக்கும் ஒருசேர நன்மை தரும். புடவை முந்தானை, துப்பட்டா, தரைபுரளும் வேட்டி ஆகியவை ரோலருக்குள் இழுபடக்கூடியவை.

திரை காட்டும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை வீட்டிலேயே அளந்தறியலாம். பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பிளக்கைப் பிடுங்கியபின் பெல்ட்டைக் கையால் ஒரு முழுச்சுற்று நகர்த்தி டேப்பால் அதன் நீளத்தை அளந்தால், அது 2.8 மீட்டர் என்று வருவதாகக் கொள்ளலாம். மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 83 மீட்டர் என்பதால், அவ்வேகத்தில் ஒருவர் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் எண்ணினால் அந்தக் கோடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 முறை வர வேண்டும். 27 முறையே வந்தால் உண்மையான வேகம் நான்கரை கிலோமீட்டர்தான். திரை மிகைப்படுத்துகிறது, அல்லது பெல்ட் வழுக்குகிறது.

கலோரிக் கணக்கும் அப்படித்தான். உடற்பயிற்சி அறிவியலில் வழங்கும் சமன்பாட்டின்படி, 70 கிலோ எடையுள்ளவர் சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நடந்தால் செலவாவது ஏறத்தாழ 120 கிலோகலோரி. சாய்வை 5 விழுக்காடாக்கினால் அதே நடை 200-ஐ எட்டுகிறது. இதைவிடப் பல மடங்கு காட்டும் திரை நடப்பவரை மகிழ்விப்பதற்கானது. ஓட அஞ்சும் மூட்டுகளுக்கு வேகத்தைவிடச் சாய்வே நல்ல கருவி என்பதும் இதிலிருந்து புலனாகும்; ஆனால் கைப்பிடியில் உடல் எடையைச் சாய்த்து நடந்தால் சாய்வு தரும் பயனில் பெரும்பகுதி கைகளின் வழியே கசிந்துவிடும். மருத்துவமனைகளில் ட்ரெட்மில்லில் நடக்கவைத்துச் செய்யப்படும் டிஎம்டி பரிசோதனை, ஈசிஜி வயர்களும் மருத்துவரும் அருகிருக்க நடப்பது என்பதையும், கைப்பிடியில் உள்ள நாடித்துடிப்புத் தகடுகள் அதற்கு ஈடாகா என்பதையும் இதய நோயாளிகள் நினைவில் கொண்டு, மருத்துவர் சொல்லும் வேகத்தோடு நிற்பது நலம்.

நிற்கத் தெரியாத பெல்ட்

1818-இல் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்கென வடிவமைத்த மிதிசக்கரம்தான் ட்ரெட்மில் என்னும் பெயரின் தொடக்கம். அந்தச் சக்கரத்தைக் கைதிகளின் எடை சுழற்றியது; அவர்கள் இறங்கினால் அதைச் சுழற்ற வேறு விசை இல்லை. இன்றைய கருவியிலோ மோட்டார் ஓட, மனிதர் அதற்கு ஈடுகொடுக்கிறார். அவர் விழுந்துவிட்டார் என்பதைச் சாவி சொல்லாதவரை பெல்ட் அறிவதில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலட்டான் நிறுவனம் ட்ரெட் பிளஸ் என்னும் தன் மாதிரியில் ஏறத்தாழ 1,25,000 கருவிகளைத் திரும்பப் பெற நேர்ந்ததன் காரணமும் இதுவே. ஆட்களும் செல்லப்பிராணிகளும் பொருள்களும் கருவியின் பின்பகுதிக்கு அடியில் இழுக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. ஆறு வயதுக் குழந்தை ஒன்று உயிரிழந்திருந்தது. விலை உயர்ந்த கருவி என்பதால் இந்த ஆபத்து குறைந்துவிடவில்லை. எனவே குழந்தைகள் உள்ள வீட்டில் பயிற்சி முடிந்தவுடன் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி எட்டாத இடத்தில் வைப்பதும், பிளக்கைப் பிடுங்குவதும், கருவி ஓடும்போது அறைக்கதவைத் தாழிடுவதும் பயிற்சியின் பகுதிகளாகவே கருதப்பட வேண்டும்.

எண்ணெயும் கால் திருகும்

ட்ரெட்மில்லுக்கு வரும் கோளாறுகளில் பலவற்றின் வேர் காய்ந்த பெல்ட். பெல்ட்டுக்கும் அதன் கீழுள்ள பலகைக்கும் இடையே உராய்வு கூடும்போது மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கிறது; அச்சுமையைத் தாங்கும் கட்டுப்பாட்டு அட்டை சூடேறிக் கருகுகிறது. சில நூறு ரூபாய் எண்ணெயை மிச்சம் பிடித்தவர் பல ஆயிரம் ரூபாய் அட்டைக்குச் செலவழிப்பது இப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் நடுவில் கையை அடியில் நுழைத்துத் தடவிப் பார்த்தால் விரலில் வழவழப்பு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால், பெல்ட்டை ஓரத்தில் தூக்கி, பலகையின் நடுப்பகுதியில், பக்கத்துக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் கலப்பற்ற சிலிகான் எண்ணெயைக் குறுக்கும் நெடுக்குமாக விட்டு, பின்பு மெதுவான வேகத்தில் ஐந்து நிமிடம் நடந்து பரப்ப வேண்டும். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் துருநீக்கித் தெளிப்பான்களும் பெல்ட்டைக் கெடுப்பவை. பெட்டியோடு வரும் கையேடு எண்ணெய் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் அதன்படி நடக்க வேண்டும்.

பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால், ஆள் இறங்கிய நிலையில், மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் வேகத்தில் அதை ஓடவிட்டு, பின்புறத்து இடப்பக்கப் போல்ட்டை ஆலன் கீயால் கடிகாரச் சுற்றில் கால் திருகு மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். வலப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கப் போல்ட். கால் வைக்கும்போது பெல்ட் ஒரு கணம் தயங்கினால் இரு போல்ட்டுகளையும் சமமாகக் கால் திருகு இறுக்கலாம். அளவுக்கு மீறி இறுக்கினால் ரோலர் பேரிங்குகள் தேய்ந்து ஊளையிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் மூடியைத் திறந்து, சேர்ந்திருக்கும் தூசியையும் முடியையும் மென்மையான பிரஷ்ஷாலோ வாக்குவம் கிளீனராலோ எடுத்துவிட வேண்டும். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் காத்திருப்பது, கட்டுப்பாட்டு அட்டையில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் வடிவதற்காக.

தீர்ப்பு

வடகிழக்குப் பருவமழையிலும், வெயில் இறங்காத மே மாத மாலையிலும், நடைபாதையில்லாத தெருக்களிலும் நடையை விடாமல் தொடர நினைப்போருக்கு இவ்வகைக் கருவி தக்க துணையாகும். அன்றாடம் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவோருக்கும், 12 அடிக்கு மேற்பட்ட நீளத்தை ஒதுக்க முடியாத வீட்டுக்கும், தனி பவர் பாயிண்ட் போட வழியில்லாத வாடகை வீட்டுக்கும் இது ஏற்றதன்று. கடைக்குப் போகும்போது அளவு டேப் ஒன்றை எடுத்துச்சென்று பெல்ட்டின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து, வயர் நுனியில் உள்ள பிளக்கைப் பார்த்து, சாவியின் கயிற்றை இழுத்து, பெல்ட் எத்தனை அடி ஓடி நிற்கிறது என்று கவனித்தவர், திரையை ஏறிட்டுப் பார்க்காமலேயே அக்கருவியைப் பற்றிப் பெரும்பாலும் சரியான முடிவுக்கு வந்திருப்பார்.