சொப்புக் கோப்பைகளும் இரண்டு கதைகளும்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், அந்தக் காலத்துக் குழந்தைகள் விளையாடிய தேநீர்ச் சாமான்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் சொப்புச் சாமான் மாதிரிதான். ஆனால் மரமல்ல, பீங்கான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கெண்டி, பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், நாலு அல்லது ஆறு கோப்பைகள், அவற்றுக்கு சாஸர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்டாபோர்ட்ஷையர் சூளைகளிலும் ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியிலும் இவை ஏராளமாக உற்பத்தியாயின. பிறகு ஜப்பான்காரர்கள் போட்டிக்கு வந்தார்கள். சேகரிப்பவர்கள் கோப்பையைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். அடியில் 'நிப்பான்' என்றிருந்தால் பெரும்பாலும் 1891க்கும் 1921க்கும் நடுவில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. அதற்குப் பிறகு வந்தவற்றில் 'ஜப்பான்' என்றிருக்கும். 'ஆக்கிரமிப்பிலுள்ள ஜப்பானில் செய்தது' என்றிருந்தால் யுத்தம் முடிந்த பிறகு, 1952க்குள் வந்தது. மூடி உடையாத கெண்டியும் எண்ணிக்கை குறையாத கோப்பைகளும் கிடைத்துவிட்டால் அவர்களுக்கு ஏற்படும் ஆனந்தத்தைச் சொல்லி முடியாது.

கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதோடு சிலர் நிற்பதில்லை. மாலை வேளையில் நாலு சிநேகிதிகளை வீட்டுக்கு அழைத்து, கணப்பருகில் மேஜை போட்டு, அழகாகப் பரிமாறுகிறார்கள். இதில் பரிகாசம் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்குக் கோப்பையைவிடக் கோப்பைக்கு எதிரே உட்காருகிறவர் முக்கியம். குழந்தை வெறும் கெண்டியைச் சாய்த்துக் காற்றை ஊற்றுகிறது. சர்க்கரை போதுமா என்று உபசாரம் செய்கிறது. விருந்தாளி பொம்மையாக இருக்கலாம், பூனையாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருக்கலாம். யார் உட்கார்ந்தாலும் சரி. அதே குழந்தை பெரியவளானதும், இன்னாரைக் கூப்பிடலாம், இன்னாரைக் கூப்பிடக்கூடாது என்ற கணக்கு எப்படியோ வந்துவிடுகிறது. எப்போது, யார் சொல்லிக் கொடுத்து வருகிறது? இந்தக் கேள்விக்குக் காதரின் மான்ஸ்பீல்டின் இரண்டு கதைகளில் பதில் இருக்கிறது. இரண்டும் 1922ல் வெளியானவை. மறு வருஷம் ஜனவரியில், முப்பத்து நாலாவது வயதில், அவள் க்ஷயரோகத்தால் இறந்துபோனாள்.

முதல் கதையின் பெயரே 'ஒரு கோப்பைத் தேநீர்'. ரோஸ்மேரி பெல் பணக்காரி. அழகி என்று சொல்ல முடியாது. லண்டனில் கர்ஸன் தெருவிலுள்ள பழம்பொருள் கடையில் ஒரு சின்னஞ்சிறு எனாமல் பெட்டியைப் பார்த்து மயங்குகிறாள். விலை இருபத்தெட்டு கினி. தனக்காக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வருகிறாள். மழை. இருட்டுகிற நேரம். ஓர் ஏழைப் பெண் கிட்ட வந்து, ஒரு கோப்பைத் தேநீருக்குக் காசு கேட்கிறாள். ரோஸ்மேரிக்கு உடனே டாஸ்டாவ்ஸ்கி நாவல் ஞாபகம் வருகிறது. காசு கொடுப்பதற்குப் பதில் அவளையே வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். கணப்பருகில் உட்கார வைத்து வயிறாரச் சாப்பிடச் செய்கிறாள். அப்போது கணவன் பிலிப் வருகிறான். தனியே கூப்பிட்டுப் பேசுகிறபோது, அந்தப் பெண் வெகு அழகாக இருக்கிறாளே என்கிறான். அவ்வளவுதான். ரோஸ்மேரி ஐந்து பவுன் நோட்டுகளை எடுக்கிறாள். இரண்டைத் திரும்ப வைத்துவிட்டு, மூன்றைக் கொடுத்து அவளை அனுப்பிவிடுகிறாள். பிறகு அலங்காரம் செய்துகொண்டு கணவனிடம் வந்து, பெட்டியை வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். கடைசியாக, தான் அழகாக இருக்கிறேனா என்று கேட்கிறாள்.

சாமர்த்தியமான கதை. எனாமல் பெட்டியைப் பார்த்த கண்ணோடுதான் ரோஸ்மேரி அந்தப் பெண்ணையும் பார்க்கிறாள் என்பதை மான்ஸ்பீல்டு எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெட்டியைக் கதையின் முன்னும் பின்னும் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். திரும்ப வைத்த அந்த இரண்டு நோட்டுகளுக்கு ஒரு முழு அத்தியாயத்தின் பலம் உண்டு. அப்படியும் கதை என்னைத் திருப்திப்படுத்தவில்லை. ஆசிரியை ஆரம்பத்திலிருந்தே ரோஸ்மேரிக்கு ஒரு படி மேலே நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். வாசகனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, நாம் அப்படியில்லை என்று புத்தகத்தை மூடிவிடலாம். ஏழைப் பெண்ணோ, காசு கேட்டதற்கும் அழுததற்கும் சாப்பிட்டதற்கும் மேல் ஒன்றும் ஆவதில்லை. ரோஸ்மேரி அவளை உபயோகித்துக்கொண்டாள். கதையும் அதையேதான் செய்கிறது.

'பொம்மை வீடு' அப்படியல்ல. பர்னெல் குடும்பத்துச் சிறுமிகளுக்கு ஒரு பெரிய பொம்மை வீடு பரிசாக வருகிறது. அதில் எல்லாம் இருக்கிறது. சமையலறை அலமாரியில் குட்டித் தட்டுகளும் ஒரு ஜாடியும்கூட உண்டு. பள்ளிக்கூடத்துப் பெண்கள் இரண்டிரண்டு பேராக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கெல்வி சகோதரிகளுக்கு மட்டும் அழைப்பில்லை. தாய் வீடு வீடாகப் போய்த் துணி வெளுக்கிறவள். தகப்பன் ஜெயிலில் இருப்பதாகப் பேச்சு. மூத்தவள் லில் போட்டிருக்கும் கவுன், பர்னெல் வீட்டார் கழித்துப்போட்ட பச்சை மேஜை விரிப்பில் தைத்தது. கைகள் இன்னொரு வீட்டின் ஜன்னல் திரை. இந்த ஒரு விவரத்துக்காகவே கதையைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம். அந்த வீட்டு மேஜையில் அவளுக்கு இடம் கிடையாது. மேஜை விரிப்பு மட்டும் அவள் உடம்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

கடைசிப் பெண் கீஸியா, யாருமில்லாத ஒரு மாலையில், கெல்விகளை உள்ளே கூப்பிடுகிறாள். லில் தயங்குகிறாள். அவர்களோடு பேசக்கூடாது என்பது உத்தரவு. அது இரண்டு தரப்புக்கும் தெரியும். தங்கை எல்ஸ் அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள். இருவரும் வருகிறார்கள், பார்க்கிறார்கள். அதற்குள் சித்தி பெரில் வந்து கோழிகளை விரட்டுவதுபோல விரட்டியடிக்கிறாள். பெரிலைக்கூட மான்ஸ்பீல்டு ராக்ஷஸியாக்கவில்லை. அன்று வந்த ஒரு கடிதத்தால் அவள் மனசு கலங்கியிருக்கிறது. இந்த எலிக்குஞ்சுகளைத் துரத்தியதும் பாரம் குறைந்தாற்போலிருக்கிறது. நமக்கெல்லாம் பழக்கமான விஷயம்தான். கதை அங்கே முடியாமல், துரத்தப்பட்டவர்களோடு போகிறது. சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கிற எல்ஸ், அந்தக் குட்டி விளக்கைப் பார்த்துவிட்டேன் என்று மெதுவாகச் சொல்கிறாள். அவள் கதையில் பேசுவது அவ்வளவுதான். அந்த விளக்கை மற்றப் பெண்கள் ஒருத்தியும் பொருட்படுத்தவில்லை. கீஸியாவுக்கு மட்டுமே அது பிடித்திருந்தது.

இந்தக் கதையில் சிரிப்பதற்கு இடமில்லை. நாம் அப்படியில்லை என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. பண்டிகை நாளில் வேலைக்காரியின் பெண்ணைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்துப் பலகாரம் கொடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள்தாம் நாம். கீஸியாவுக்குக் கருணை, தர்மம், டாஸ்டாவ்ஸ்கி ஒன்றும் தெரியாது. தனக்குப் பிடித்ததை இன்னொருத்திக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை மட்டுமே தெரியும். ரோஸ்மேரியிடம் இல்லாதது அது. முன்னே கேட்ட கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது: வீட்டிலுள்ள பெரியவர்கள் யாரை வாசலில் வைத்து விரட்டுகிறார்களோ, அதைப் பார்த்துத்தான் குழந்தை அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்கிறது.

பழைய கோப்பைகளைச் சேர்ப்பவர்கள் தாராளமாகச் சேர்க்கட்டும். கைப்பிடி உடைந்து, விளிம்பு சிதைந்து வருகிற கோப்பையை மட்டும் மட்டமென்று ஒதுக்க வேண்டாம். அதை வைத்து ஒரு குழந்தை வாஸ்தவமாக விளையாடியிருக்கிறது. யாரையோ கூப்பிட்டு உட்கார வைத்து, இல்லாத தேநீரைக் கொடுத்திருக்கிறது.