முதுகுக் கவசம் எதைத் தாங்குகிறது?

இராயபுரத்தில் மூட்டை தூக்குபவருக்கு முதுகு வலித்தால், ‘பெல்ட் போடு’ என்பதே முதல் யோசனை. முதுகெலும்பைக் காசநோய் அரிக்கும்போதும் இது போதுமா?

விறைப்பான கவசம் மார்பு, அடிவயிறு, முதுகு ஆகிய மூன்று இடங்களில் அழுத்தி முன்வளைவைத் தடுக்க முயல்கிறது. ஆனால் இடையிலுள்ள தசை மெத்தைபோல் நெகிழ்வதால் எலும்பின் அசைவு முழுதும் அடங்குவதில்லை. உடலின் எடையோ அரித்த எலும்பின் மீதே நிற்கிறது.

கொரியாவின் புசான் நகரில், மருந்துண்ட சிறுவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் மாவுக்கட்டுச் சட்டை அணிவித்துப் பார்த்தனர். அதனால் கூடுதல் பயனில்லை என்று 1973-ல் அறிவித்தார்கள். நம் சென்னை ஆய்விலோ, நடமாடிக்கொண்டே 9 மாதம் மருந்துண்டவர்களில் 99 விழுக்காட்டினர் பத்தாண்டுக்குப் பின்னும் நல்ல நிலையில் இருந்தனர் (1999 அறிக்கை).

கவசம் வலியைத் தணிக்கலாம், அதை மறுக்கவில்லை. வலி தணிந்ததை நோய் தணிந்ததாக எண்ணி, காய்ச்சலும் மெலிவும் சேர்ந்த முதுகுவலியோடு கால் மரத்துப்போகும்வரை காத்திருப்பதே என் ஆட்சேபம்.