விசுவாசம், நம்பிக்கை, எதிர்நோக்கு: எல்லைத் தமிழ்க் கிறித்தவரின் வேண்டல் மொழி

கிறித்தவ வாழ்வில் இறைவனிடம் தன்னை ஒப்புவிக்கும் மனநிலை, ஆலய வழிபாட்டைக் காட்டிலும் அன்றாட இல்லச் செபத்தில்தான் எளிய மொழிவடிவம் பெறுகிறது. பொழுது புலருமுன் தேயிலைத் தோட்டத்திற்குப் புறப்படுபவரும், வயலுக்குச் செல்லும் உழவரும் தமக்குள் சொல்லிக்கொள்ளும் வேண்டல் சில சொற்களுக்குள் அடங்கிவிடும். அச்சொற்களுள் தலையாயதை மொழிபெயர்ப்பாளர் மாற்றும்போது நேர்வது யாது என்பது இருமொழிப் பகுதிகளில் தெளிவாகப் புலப்படும். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்பகுதிகள் அத்தகையன.

1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தின்பாற் பட்டன. சித்தூர் வட்டத்திலும் தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். மூணாற்றின் பழைய சி.எஸ்.ஐ. ஆலயத்தில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் வழிபாடு நடைபெறுவது வழக்கம். பாலக்காட்டுப் பகுதி இலத்தீன் கத்தோலிக்கருக்கென 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. இங்கு வழிபாட்டுச் சொல் ஒவ்வொன்றும் அண்டைமொழிச் சொல்லோடு உரசியே நிற்கிறது.

ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ஒரு தெளிவான பங்கீட்டைச் செய்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய 'பிஸ்திஸ்' என்பதற்கு 'விசுவாசம்' எனவும், 'எல்பிஸ்' என்பதற்கு 'நம்பிக்கை' எனவும் அது கொண்டது. ஆயின் சங்கீதங்களில் இறைவனைச் சார்ந்திருத்தலைக் குறிக்கும் எபிரேய வினைக்கும் 'நம்பு' என்பதையே பெரிதும் ஆண்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு 'பிஸ்திஸ்' என்பதற்கு 'நம்பிக்கை' என்றும், 'எல்பிஸ்' என்பதற்கு 'எதிர்நோக்கு' என்றும் மாற்றியமைத்தது. முன்னதில் இரண்டாம் இடத்திலிருந்த சொல் பின்னதில் முதலிடத்திற்கு நகர்ந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகார இறுதியில் வரும் மூன்று சொற்களை இரு பதிப்புகளிலும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு இது விளங்கும்.

இம்மாற்றத்தின் நன்மையை மறுத்தற்கில்லை. சங்கீதக்காரனின் சார்பும் நற்செய்தியில் இயேசு பாராட்டும் பற்றும் ஒரே வேர்ச்சொல்லால் இணைகின்றன. பழைய பதிப்பு இவ்வுறவை மறைத்துவிட்டது. தனித்தமிழ் ஆர்வமே இதற்குக் காரணம் எனக் கூறுவோர் இதனைக் கருதுவதில்லை. ஆயினும் 'நம்பு' என்னும் சொல்லின் வரலாறு வேறொன்றையும் உணர்த்துகிறது. தொல்காப்பிய உரியியல் அதற்கு 'நசை', அஃதாவது விருப்பம், எனப் பொருள் கூறும். விருப்பம், எதிர்பார்ப்பு, சார்பு என விரிந்த சொல் அது. எனவே 1871ஆம் ஆண்டுக் குழுவினர் அதனை 'எல்பிஸ்' என்பதற்குக் கொண்டதும் பிழையன்று. பேச்சுத் தமிழில் அப்பொருள் இன்றும் உயிரோடுள்ளது.

2020 ஆகஸ்டு 6 இரவில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு ஏற்பட்டு எழுபது பேர் மாண்டனர். அவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். சிலர் உடல் கிடைக்கவேயில்லை. தேடுதல் நடைபெறும் வேளையில் 'நம்பிக்கை இருக்கிறது' என ஒருவர் சொன்னால், அது கடவுட்பற்றைக் குறிப்பதன்று. உயிரோடு மீள்வர் என்னும் எதிர்பார்ப்பையே குறிக்கும். அத்தொடரின் பொருள் பொய்த்த பின்னும் அதே வீட்டில் இரவுச் செபம் தொடரக்கூடும். அப்போது வேண்டுபவருக்கு, நிறைவேறாத எதிர்பார்ப்பிலிருந்து வேறுபட்டதொரு சொல் தேவைப்படுகிறது. பழைய பங்கீடு 'விசுவாசம்' என்னும் தனிச்சொல்லை அவர் கையில் கொடுத்திருந்தது. புதிய பங்கீட்டில் இரண்டும் 'நம்பிக்கை'யாகிவிடுகின்றன. 'எதிர்நோக்கு' அச்சிட்ட தாளைவிட்டு வாய்க்கு வருவதில்லை.

மலையாளத்தோடு ஒப்பிடின் இழப்பு மேலும் தெளிவாகும். அம்மொழியிலும் 'விசுவாசம்' என்பதே வழக்கு; எதிர்நோக்குக்குப் 'பிரத்தியாச' என வேறு சொல் உண்டு. அண்டை வீட்டாரும் எல்லைத் தமிழரும் பகிர்ந்துகொண்ட சொல் 'விசுவாசம்'. ஆனால் அதுவும் முற்றிலும் ஒரு பொருளதன்று. தமிழ்ப் பேச்சில் அது முதலாளியிடம் காட்டும் நன்றிப்பற்றையும், நாயின் பற்றையும் குறிக்கும். தோட்டத் தொழிலாளரிடை இப்பொருள் நிழல் கனத்தது. எனினும் 'பிஸ்திஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் பற்றுறுதி என்னும் பொருளுண்டு என்பதை மறத்தல் ஆகாது.

வேற்றுமை உருபிலும் இவ்வுரசலைக் காணலாம். விசுவாச அறிக்கையில் மலையாளம் 'தெய்வத்தில்' என இடவேற்றுமை கொள்ளும். தமிழ் 'தேவனை', 'கடவுளை' என இரண்டாம் வேற்றுமை கொள்ளும். உயர்திணைப் பெயர் தமிழில் 'இல்' உருபை இயல்பாக ஏற்பதில்லை; 'இடம்', 'மேல்' என்பனவே வரும். 'கடவுளில் விசுவாசம்' என்னும் வடிவம் எல்லையில் செவிப்படின் அதனை மலையாளத் தாக்கம் என உடனே முடிவுகட்டுதல் பொருந்தாது. பிற பகுதித் திருச்சபைத் தமிழிலும் மொழிபெயர்ப்பு வழியாக அஃது இடம்பெற்றுள்ளது.

'செபம்' என்னும் சொல்லின் நிலை வேறு. மந்திரத்தை உருவிடுதலைக் குறித்த வடசொல், கிறித்தவர் வாயில் உரையாடலாக மாறிற்று. செபமாலையில் மட்டும் பழைய எண்ணிக்கைப் பொருள் தங்கியது. மலையாளியின் 'பிரார்த்தன' தமிழ்ச் செவிக்கு நேர்த்திக்கடனை நினைவூட்டும். 'இறைவேண்டல்' பொருள் தெளிவுடையதாயினும், வாய்விட்டுக் கேட்டலையே முன்னிறுத்துகிறது. பேசாதிருந்து இறைவன்முன் அமர்தலுக்கு அது இடந்தருவதில்லை. அதற்குத் 'தியானம்' என்பதே இன்றும் நிற்கிறது.

எல்லைப் பகுதிக்கென வழிபாட்டு நூல் அமைப்போர் இரு பங்கீடுகளுள் ஒன்றை முழுதாகக் கொள்ளவேண்டும் என்பதில்லை. 'நம்பு' என்னும் வினையை இறைவனைச் செயப்படுபொருளாகக் கொண்டு ஆண்டால் ஐயம் பெரிதும் நீங்கும்: 'உம்மை நம்புகிறேன்' என்பதில் எதிர்பார்ப்புப் பொருள் பின்தள்ளப்படுகிறது. இடர் 'நம்பிக்கை' என்னும் பெயர்ச்சொல்லில்தான் எழுகிறது. பெயர் தேவைப்படும் இடங்களில் 'விசுவாசம்' என்பதை மீட்டுக்கொள்வதற்குத் தடையாக நிற்பது வடசொல் என்னும் ஒன்றே. அத்தடையைச் 'செபம்' எப்போதோ கடந்துவிட்டது.