பாட்டு இருந்தது, அணி நிற்கவில்லை

2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் கோல்டன் இயறிங் குழு இனி மேடையேறாது என்று அறிவித்தது. கிற்றார் வாசித்த ஜோர்ஜ் கூய்மான்ஸுக்கு, தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோய். அவர் இல்லாமல் அந்தப் பெயரில் வாசிப்பதில்லை என்று மற்ற மூவரும் முடிவெடுத்தார்கள். 1961 இல் ஹேக் நகரில் அயல்வீட்டுப் பெடியள் இருவர் தொடங்கிய குழு அறுபதாம் ஆண்டில் நின்றது. அதே ஆண்டு செப்ரெம்பர் 6 ஆம் திகதி நம் இலங்கையில் ஜிப்சீஸ் குழுவின் சுனில் பெரேரா காலமானார். 1971 இல் தந்தை அன்ரன் பெரேரா பிள்ளைகளைச் சேர்த்துத் தொடங்கிய குடும்பக் குழு அது. சுனில் போகும்போது அதற்கு ஐம்பது வயது.

அறுபதும் ஐம்பதும். இந்தக் கணக்கோடு வடக்கைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. நம்மிடம் பாட்டுக்கா பஞ்சம்? நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ தெரியாத ஈழத்தமிழ் வீடு உண்டா? ஆனால் வன்னியில் இருபது ஆண்டு ஒரே பெயரில், அதே ஆட்களோடு நின்ற குழு ஒன்றைச் சொல்லச் சொன்னால் வாய் அடைத்துப் போகிறது. விளையாட்டுப் பக்கத்தில் பாட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டாம். ஓர் அணி எப்படி நிலைக்கிறது, எப்படிச் சிதறுகிறது என்பதைத்தான் இந்தப் பத்தி எப்போதும் பேசுகிறது. இந்த முறை மேடையில் வைத்துப் பேசுகிறேன்.

கோல்டன் இயறிங்கின் ஆட்டத்தை அறிய 1973 இல் வந்த ‘றேடார் லவ்’ ஒன்றே போதும். இரவில் தனியே கார் ஓட்டிச் செல்பவன் ஒருவனின் பாட்டு, ஆறு நிமிடத்துக்கு மேல் நீள்வது. றீனுஸ் கெரிற்சனின் பேஸ் கிற்றார் முதலில் நடையைப் பிடிக்கும். பரி ஹே அதன்மேல் அவசரமில்லாமல் பாடிக்கொண்டு வருவார். (இந்த ஹே 1948 இல் பிறந்தது இந்தியாவின் பைசாபாத்தில்.) நடுவில் குரல் ஒதுங்கி, வாத்தியங்கள் மட்டும் நீளும். மேடையில் அந்த இடம் ட்ரம்ஸ்காரர் சேசர் சவுடர்வைக்குக்குச் சொந்தம். தனியாவர்த்தனத்தின் உச்சத்தில் தன் ட்ரம்ஸ் தொகுதிக்கு மேலாலேயே பாய்ந்து முன்மேடையில் வந்து இறங்குவார். பார்க்கிறவர்களுக்கு அது வித்தை. எனக்கு அது கூட்டாட்டம். மற்ற மூவரும் அந்த நொடியில் எங்கே நிற்பார்கள், எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத் தெரிந்தவனால்தான் அப்படிப் பாய முடியும்.

சவுடர்வைக் சேர்ந்தது 1970 இல். அதன்பிறகு அந்த நால்வர் மாறவேயில்லை. இடையில் ஒரு கீபோட்காரர், இன்னொரு கிற்றார்காரர் என்று வந்து போனார்கள். 2019 நவம்பர் 16 அன்று றொட்டர்டாமின் அஹோய் அரங்கில் நடந்த கடைசிக் கச்சேரி வரை நடு அச்சு அதே நால்வர்தான். கிரிக்கெற்றிலோ உதைபந்தாட்டத்திலோ இப்படி நாற்பத்தொன்பது ஆண்டு ஒரே நடுக்களம் யாருக்கு வாய்க்கும்?

‘றேடார் லவ்’ அமெரிக்கப் பட்டியலில் 13 ஆம் இடம் வரை ஏறியது. அடுத்த பெரிய வெற்றியான ‘ருவைலைற் ஸோன்’ 10 ஆம் இடத்தைத் தொட்டது. அந்தப் பாட்டு வர 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் உலகம் அவர்களை மறந்திருந்தபோது தாங்கிப் பிடித்தது சொந்த நாட்டு மேடை. நெதர்லாந்து இலங்கையைவிடச் சிறியது: இங்கே 65,610 சதுர கிலோமீற்றர், அங்கே ஏறத்தாழ 41,500. எந்த ஊரில் வாசித்தாலும் இரவோடு இரவாக வீடு திரும்பலாம். 1992 இல் மின்கிற்றாரை ஓரமாக வைத்துவிட்டு, வெறும் மரக் கிற்றாரோடு பழைய பாடல்களைப் புதிதாக வாசித்து ‘த நேக்கட் ட்ரூத்’ என்ற தொகுப்பைத் தந்தார்கள். உடம்பின் வேகம் குறையும் வயதில் ஆட்ட முறையையே மாற்றிக்கொண்ட அந்த முடிவு அவர்களுக்கு இன்னும் கால் நூற்றாண்டு கொடுத்தது என்பது என் கணிப்பு.

ஒல்லாந்தரின் றொக் இசை எங்கிருந்து வந்தது என்பதும் நமக்கு அந்நியமான கதை அல்ல. அங்கே அதைத் தொடக்கிவைத்தவர்களில் முக்கியமானவர்கள் இந்தோனேசியாவிலிருந்து குடிபெயர்ந்து 1957 இல் நெதர்லாந்து சென்ற ரீல்மன் சகோதரர்கள். கிற்றாரைத் தலைக்குப் பின்னால் பிடித்து வாசித்து ஐரோப்பியரை வாய்பிளக்க வைத்தவர்கள். அந்தத் தீவுகளில் அவர்களுக்கு முன்பே குரொஞ்சொங் என்ற நரம்பிசை இருந்தது. அதன் வேர் போர்த்துக்கேயர் கொண்டுவந்த சிறு கிற்றார். நம் தீவில் அதே போர்த்துக்கேயரும், அவர்களோடு வந்த ஆபிரிக்கரும் விட்டுப்போன கஃப்ரிஞ்ஞா ஆட்டத்திலிருந்து பைலா பிறந்தது. பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியான்ஸ் அதை மேடைக்கு ஏற்றினார். அந்த ஆறெட்டுத் தாளத்தின்மேல்தான் பின்னால் நம் தமிழ் பொப் இசையும் எழும்பியது. ஆக ஹேக் நகரத்துப் பெடியளும் உரும்பிராய்ப் பெடியனும் ஒரே வகைக் கப்பல்களில் வந்திறங்கிய கிற்றாரின் பேரப்பிள்ளைகள்.

அந்த உரும்பிராய்ப் பெடியன்தான் நித்தி கனகரத்தினம். அறுபதுகளின் இறுதியில், சினிமாப் பாட்டை அப்படியே ஒப்புவிப்பதுதான் மேடைப்பாட்டு என்றிருந்த காலத்தில், ஊர்ப்பேச்சை அப்படியே பாட்டாக்கினார். ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ஒரு புத்திமதிப் பாட்டு. ஆனாலும் கேட்கிறவனின் கால் தானாக ஆடும். பின்பு ஏ.ஈ. மனோகரன். ‘சுராங்கனி’யை அவர் பாடிய விதத்தை இன்றைய பாடகர்கள் இருந்து படிக்க வேண்டும். மெட்டின் ஏற்ற இறக்கம் சிறியது; எந்தக் குரலுக்கும் எட்டும். சொற்கள் மீனைப் பற்றியவை, எவருக்கும் புரியும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் கூட்டம் பாடுவதற்கென்றே இடம் விட்டிருக்கும். அவர் பாதி பாடினால் போதும், மிச்சப் பாதியைச் சனம் பாடிவிடும். 1977 இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜா அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டபோது அது தமிழ்நாடு முழுவதும் பரவியது. மனோகரன் 1978 இல் நம் ‘வாடைக்காற்று’ படத்தில் நடித்தார், பிறகு தமிழகத் திரைக்குப் போனார், 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். நித்தி அவுஸ்திரேலியாவில் குடியேறினார்.

இருவரும் முதல்தரமான தனி ஆட்டக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் பெயரோடு நின்ற நால்வர் யார் என்று கேட்டால் ரசிகனுக்குப் பதில் தெரியாது. நம் பொப் இசை பாடகரின் பெயரில் வாழ்ந்தது. பாடகர் ஊரைவிட்டுப் போனதும் ஆட்டம் முடிந்தது. ஜிப்சீஸ் அப்படியல்ல. சுனிலுக்குப் பின் சகோதரர் பியல் பெரேரா அந்தப் பெயரை விடாமல் கொண்டு நடத்தினார்.

போர் எல்லாவற்றையும் அழித்தது என்று சொல்லி இந்த அலசலை இங்கேயே முடித்துவிடலாம். அது உண்மைதான். 1990 இன் பின் வன்னியில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் கசெற் கேட்ட தலைமுறை இது. 2009 தொடக்கத்தில் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஓடிய சனம் ட்ரம்ஸ் தொகுதியையா சுமந்துகொண்டு போகும்? பிறகு மெனிக் பாம் முகாம். அங்கிருந்து திரும்பியபோது வீட்டுக்குக் கூரையே இல்லை.

ஆனால் அதே ஊர்களில் அதே அழிவிலிருந்து வேறொன்று மீண்டு வந்தது. விளையாட்டுக் கழகங்கள். மீள்குடியேறிய கையோடு பற்றையை வெட்டி மைதானம் ஆக்கினார்கள். பழைய பெயரிலேயே சீருடை அடித்தார்கள். இறந்துபோன வீரரின் பெயரில் சுற்றுப்போட்டி வைத்தார்கள். கழகத்துக்கு ஒரு பெயர் உண்டு, நிர்வாகம் உண்டு, கூடுவதற்கு ஓர் இடம் உண்டு. முன்கள வீரன் பிரான்ஸுக்கோ கனடாவுக்கோ போனால் அவன் தம்பி அந்த இலக்கச் சீருடையைப் போடுகிறான்; போனவன் அங்கிருந்து பந்து வாங்கக் காசு அனுப்புகிறான். இசைக்குழுவுக்கு இந்த எலும்புக்கூடு எதுவும் இருக்கவில்லை. அது ஒரு ஆளின் ஆர்வத்திலும் வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியிலும் உயிர்வாழ்ந்தது.

தனி மனிதனாக இந்த மண்ணில் தாக்குப்பிடித்தவர் கிளிநொச்சியில் வாழ்ந்த எஸ்.ஜி. சாந்தன். எழுச்சிப் பாடல்களால் உலகத் தமிழரிடம் அறியப்பட்டவர். அவரை ஒரு மேடைக் கலைஞராகப் பார்க்க வேண்டுமென்றால் கோயில் திருவிழாப் பாட்டைக் கேட்க வேண்டும். உச்சஸ்தாயியில் குரலை எடுத்து, அங்கேயே நிறுத்தி, சொல் சிதையாமல் கீழே இறக்குவார். கூத்தும் நாடகமும் கேட்டு வளர்ந்த சனத்துக்கு அந்தக் குரலின் அருமை தெரியும். 2017 பெப்ரவரி 26 அன்று யாழ்ப்பாணத்தில் அவர் இறந்தபோது கூடிய கூட்டம் அதைச் சொல்லியது. அவருடைய பலமும் இதுதான்: அவரின் மேடைகள் அவர் வாழ்ந்த மண்ணிலேயே இருந்தன. கோல்டன் இயறிங்கைத் தாங்கிய சொந்த மேடை அவருக்கும் இருந்தது. சொந்த நால்வர் மட்டும் இல்லை.

இன்று மேடைகள் மீண்டும் நிறைய. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல், புளியம்பொக்கணையில் பங்குனிப் பொங்கல், ஊர்தோறும் திருவிழா, கழகங்களின் சித்திரை விழா. ஓர்கன் வாசிக்கவும் ஒக்டபாட் அடிக்கவும் கெட்டிக்காரப் பிள்ளைகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். ஆனால் உபயகாரரின் பணம் பெரும்பாலும் தமிழகத் தொலைக்காட்சி முகங்களைத் தேடிப் போகிறது. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பக்கவாத்திய இடம். நோட்டீசில் பெயர்கூட வராது. ஒரு விழாவுக்கு ஒரு கூட்டணி, அடுத்ததற்கு வேறு. நாலு கச்சேரி ஒன்றாக வாசிக்காதவர்கள் எப்படி ஒருவரின் கையை ஒருவர் அறிவார்கள்?

இதற்கு வெளிநாட்டு நிதித் திட்டம் தேவையில்லை. கழகக் கட்டடத்தில் ஓர் அறை, அதில் ஒரு ட்ரம்ஸ் தொகுதி, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி. குழுவுக்குக் கழகத்தின் பெயர், நிர்வாகத்தில் ஓர் இருக்கை. ஆண்டுக்கு நான்கு விழாவில் அதே ஆட்கள், அதே வரிசை, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு சொந்தப் பாட்டு. முதலாம் ஆண்டு சனம் பொறுமையிழக்கும். “சினிமாப் பாட்டைப் பாடு தம்பி” என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வரும். பாடட்டும், இரண்டு சொந்தப் பாட்டையும் பாடிவிட்டுப் பாடட்டும். வரும் சித்திரை விழாவுக்கு இப்போதே கூட்டம் கூட்டும் கழகங்கள், மைதானச் செலவுக்கும் கிண்ணச் செலவுக்கும் கீழே இந்தச் செலவையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ள வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்கிறேன்: பரந்தன், தர்மபுரம், முள்ளியவளை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, செட்டிகுளம்.