பிரேக்கை விடுவது எப்படி?

ப்ராட் பிட் நடித்து 2025-ல் வந்த ‘எஃப் 1’ பார்த்தீர்களா? காமிராவுக்காகவே பார்க்கலாம். டைரக்டர் ஜோசப் கோஸின்ஸ்கி நிஜ கிராண்ட் ப்ரீ நடக்கும் நாட்களில், நிஜ டிராக்குகளில் எடுத்திருக்கிறார். ஃபார்முலா 2 கார்களுக்கு வேஷம் கட்டி, நடிகர்களையே ஓட்டவிட்டு, காக்பிட்டுக்குள் காமிராவைச் செருகியிருக்கிறார். சீட் நுனிதான்.

என் புகார் வேறு. ஐம்பது தாண்டிய ஹீரோ பெரும்பாலும் துணிச்சலாலும் தந்திரத்தாலும் முன்னேறுகிறார். காலும் கையும் என்ன வித்தை செய்கின்றன என்பது நமக்குப் புரிவதில்லை. பந்தயப் படங்களின் பழைய வியாதி இது. ஹீரோ பல்லைக் கடித்து ஆக்ஸிலரேட்டரை இன்னும் ஒரு இஞ்ச் மிதிப்பார், பக்கத்துக் காரைத் தாண்டிவிடுவார். நேர் ரோட்டில் எல்லார் காலும் ஏற்கெனவே அடிவரை மிதித்துத்தானே இருக்கும்? அந்த ஒரு இஞ்ச் எங்கிருந்து வந்தது சார்?

‘அவங்களுக்கெல்லாம் ரிஃப்ளெக்ஸ் ஜாஸ்தி’ என்பது அடுத்த நம்பிக்கை. எஃப் 1-ல் ஐந்து சிவப்பு விளக்குகளும் அணைந்ததும் கார் கிளம்ப வேண்டும். நல்ல டிரைவருக்கு இதற்கு 0.2 முதல் 0.3 விநாடி ஆகிறது. விளக்கைப் பார்த்து பட்டன் அழுத்தச் சொன்னால் உங்களுக்கும் எனக்கும் கால் விநாடிதான். பெரிய வித்தியாசம் இல்லை. 300 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கால் விநாடிக்குள் கார் 20 மீட்டர் போய்விடும். ரிஃப்ளெக்ஸை மட்டும் நம்பினால் உயிர் தங்காது.

வித்தை, முன்கூட்டியே பார்ப்பதில் இருக்கிறது. 1950 மொனாக்கோ பந்தயத்தில், முதல் சுற்றிலேயே அலை நனைத்த வளைவில் கார்கள் வரிசையாக மோதிக்கொண்டன. முன்னால் போய்விட்ட ஃபான்ஜியோவுக்கு அது தெரியாது. அடுத்த சுற்றில் அங்கே வரும்போது, கூட்டம் தன்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பதைக் கவனித்தார். பிரேக் போட்டார், பிழைத்தார், பந்தயத்தையும் ஜெயித்தார். 2001-ல் லேண்ட், டாட்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள், ஒரு பந்தய டிரைவரின் பார்வையை டிராக்கிலேயே பதிவு செய்தார்கள். கார் திரும்புவதற்கு முன்பே அவர் தலை திரும்பிவிடுகிறது!

அப்புறம் கால். டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்குக் கொடுத்தால் ஸ்டீயரிங்குக்குக் குறையும். எஃப் 1 காரில் ஏ.பி.எஸ். கிடையாது. வளைவுக்கு முன் நூறு கிலோ எடைக்கு மேல் மிதித்து, கார் திரும்பத் திரும்ப அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஒரு பிசகு, டயர் லாக் ஆகி நேராக வெளியே!

திருப்பூர் பக்கம் மங்கலத்துக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லரைக் கவனியுங்கள். நேர்த்தையலில் பெடலை முழுசாக மிதிப்பார், கைவளைவு வந்தால் காலைத் தளர்த்துவார். கண் ஊசியில் இருக்காது, ஊசிக்கு முன்னால் வரும் துணியில் இருக்கும்.

பக்கத்துக் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் இந்தியாவின் முதல் எஃப் 1 டிரைவரானார். அந்த வருஷம் இண்டியனாபொலிஸில் நாலாவது வந்தார். மிஷெலின் டயர் தகராறில் 14 கார்கள் விலகி, ஓடினது ஆறுதானே என்று கிண்டலடித்தவர்கள் உண்டு. கடைசிவரை வளைவுக்கு வளைவு இந்தக் கால் வேலையைச் செய்வது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எந்தப் படமும் காட்டவில்லையே!

இதில் நமக்கென்ன? ஷிஃப்ட் விடும் நேரத்தில் மங்கலம் ரோட்டில் நின்று பாருங்கள். பைக்கில் பறக்கும் பையன்கள் படத்திலிருந்து கற்றது அந்த ஒரு இஞ்ச் மட்டும்தான். ‘டக்குனு பிரேக் போட்டுருவேன்ணா’ என்பார்கள். ரோடு போடும் எஞ்சினீயர்கள் அப்படி நம்புவதில்லை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்கில், எதிர்பாராததைப் பார்த்து பிரேக் மிதிக்க 2.5 விநாடி ஒதுக்குகிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 42 மீட்டர். பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதே அதற்கப்புறம்தான். டிராக்கில் குறுக்கே மாடு வராது, ராங் சைடில் டெம்போ வராது.

அடுத்த பந்தயப் படம் எடுப்பவருக்கு ஒரு விண்ணப்பம். ஹீரோ பிரேக்கை மெல்ல விடுவதற்கு ஒரு க்ளோஸப் வையுங்கள். முதல் விசில் என்னுடையது.