ஏழு நாள் விசாரணை: விக்கிப்பீடியா யாரை இழந்தது?

நிகல்சன் பேக்கரைச் சில்லறை விஷயங்களின் நாவலாசிரியர் என்று சொல்லலாம். 1988இல் வந்த அவருடைய முதல் நாவல் 'தி மெஸனைன்'. ஓர் அலுவலக ஊழியர் மதிய இடைவேளை முடிந்து எஸ்கலேட்டரில் மேலே போகிறார், கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஷூ லேஸ் ஏன் அறுகிறது, சோடாவில் ஸ்ட்ரா ஏன் மிதக்கிறது என்பதற்கெல்லாம் அடிக்குறிப்பு போட்டு எழுதியிருப்பார். பிறகு 2001இல் 'டபுள் ஃபோல்ட்'. நூலகங்கள் பழைய செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிம் எடுத்துவிட்டு அசலைத் தூக்கிப் போட்டதைப் பற்றிய கோபமான புத்தகம். பிரிட்டிஷ் நூலகம் கழித்துக்கட்டிய அமெரிக்கச் செய்தித்தாள் தொகுதிகளை வாங்கி, அதற்கென்றே ஒரு காப்பகம் வைத்துப் பாதுகாத்த மனிதர் அவர்.

அப்படிப்பட்ட ஆள் 2008 மார்ச்சில் 'நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில் விக்கிப்பீடியா பற்றி எழுதினார். பேருக்கு அது ஒரு விக்கிப்பீடியா கையேட்டுக்கான மதிப்புரை. ஆனால் கட்டுரையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. நீக்கப்பட இருக்கும் பக்கங்களைத் தேடித்தேடி, மூலம் கண்டுபிடித்துச் சேர்த்து, ஒவ்வொன்றாகக் காப்பாற்ற முயன்ற அனுபவம் அது. விக்கிப்பீடியாவை இவ்வளவு காதலோடு ஓர் இலக்கியவாதி எழுதி நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஆனாலும் அந்தக் கட்டுரையோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. பேக்கரின் கவனம் பெரும்பாலும் பக்கத்தின் மேல். செய்தித்தாளைக் காப்பாற்றிய அதே கண்ணோடு இங்கேயும் வருகிறார். தாள் போனால் போனதுதான், சரி. ஆனால் விக்கிப்பீடியா பக்கத்துக்குப் பின்னால் அதை ராத்திரி உட்கார்ந்து எழுதிய ஒரு ஆள் இருக்கிறார். பக்கத்தை நாளைக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். கோவித்துக்கொண்டு போனவரைக் கொண்டுவர முடியுமா?

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

நடைமுறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தை நீக்க வேண்டும் என்று எந்தப் பயனரும் முன்மொழியலாம். வழக்கமாக ஏழு நாள் விவாதம். வருகிறவர்கள் 'வைக்கலாம்', 'நீக்கலாம்', 'இன்னொன்றோடு இணைக்கலாம்' என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டுக் காரணம் சொல்வார்கள். இது ஓட்டெடுப்பு இல்லை, வாதத்தின் வலுதான் முக்கியம் என்பது விதி. கடைசியில் பொதுவாக ஒரு நிர்வாகி வந்து முடித்துவைப்பார். நீக்கினால் பக்கம் மட்டும் போகாது. யார், எப்போது, என்ன எழுதினார் என்ற வரலாறும் சாதாரணப் பயனர் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

அளவுகோலின் பெயர் 'நோட்டபிலிட்டி'. தமிழ் விக்கிப்பீடியாவில் இதைக் 'குறிப்பிடத்தக்கமை' என்கிறார்கள். பொருளோடு சம்பந்தமில்லாத, நம்பகமான மூலங்கள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம். விதியாகப் பார்த்தால் நியாயமானது. பிரச்சினை அந்தச் சொல்லில் இருக்கிறது. வழக்கில் 'குறிப்பிடத்தக்கது' என்றால் மதிப்புள்ளது என்று அர்த்தம். விதிக்குள் அதன் அர்த்தம் 'வெளியே யாரோ எழுதியிருக்கிறார்கள்' என்பது மட்டும்தான். தீர்ப்பு சொல்கிறவர் இரண்டாவது அர்த்தத்தில் சொல்கிறார். எழுதியவர் காதில் முதல் அர்த்தம்தான் விழுகிறது. "உங்கள் பொருளுக்கு வெளி மூலம் கிடைக்கவில்லை" என்பது ஒரு தகவல். "உங்கள் பொருள் குறிப்பிடத்தக்கதல்ல" என்பது ஒரு அடி.

இதற்கு மேல் 'ஃபேன்க்ரஃப்ட்' என்று ஒரு சொல் உண்டு. 'க்ரஃப்ட்' என்பது புரோகிராமர்கள் கொச்சையில் தேங்கிக் கிடக்கும் வேண்டாத கோடு. ஆக, ரசிகக் குப்பை. நீக்க விவாதங்களில் இதைச் சர்வசாதாரணமாகப் போட்டுவிட்டுப் போவார்கள். போட்டவருக்கு அது அன்றைய ஐம்பது வேலைகளில் ஒன்று. வாங்கியவருக்கு அப்படியில்லை.

அறிந்தவரே சந்தேகத்துக்குரியவர்

மட் விளையாட்டுகளை எடுத்துக்கொள்வோம். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கிய 'மல்டி யூசர் டஞ்சன்' இவற்றின் மூதாதை. படமே கிடையாது, எல்லாம் எழுத்து. 'வடக்கே போ' என்று தட்டச்சு செய்தால் வடக்கே இருக்கும் அறையின் வர்ணனை திரையில் வரும். அதே அறையில் வேறு ஊர்க்காரர் ஒருவரும் நின்றுகொண்டிருப்பார். இன்றைக்குக் கோடிக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளின் வேர்களில் முக்கியமானது இது. வாக்கியங்களால் மட்டுமே கட்டப்பட்ட உலகம் என்பதால் இலக்கிய வாசகர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

1996இலிருந்து ஓடிக்கொண்டிருந்த 'த்ரெஷோல்ட்' என்ற மட் விளையாட்டின் பக்கம் 2009 ஜனவரியில் நீக்க விவாதத்துக்கு வந்தது. சண்டை விக்கிப்பீடியாவைத் தாண்டி வெளியே போனது. 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளரான ராஃப் காஸ்டர் போன்றவர்கள் வரை இதில் பேசினார்கள். சிக்கலின் முடிச்சு எளிமையானது. மட் உலகத்தின் வரலாறு அச்சில் இல்லை. அது யூஸ்நெட் குழுக்களில், மின்னஞ்சல் குழுமங்களில், மூடிப்போன இணையதளங்களில், ஆடியவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானதை விக்கிப்பீடியா மூலமாக ஏற்காது. விஷயம் தெரிந்த எல்லோருமே ஏதோ ஒரு மட்டில் ஆடியவர் அல்லது அதைக் கட்டியவர். அதனால் அவர்கள் 'சம்பந்தமில்லாதவர்' ஆக முடியாது.

அவர்கள் விவாதத்துக்கு வந்து பேசினால் என்ன ஆகும்? புதுக் கணக்காக இருந்தால், 'இவர் இந்த ஒரு விஷயத்தைத் தவிர வேறெதிலும் பங்களித்ததில்லை' என்ற குறிப்பு பெயர் பக்கத்தில் ஏறிவிடும். நண்பர்களைக் கூப்பிட்டு வந்தால் ஆள் திரட்டியதாகக் குற்றச்சாட்டு. ஒரு விஷயத்தில் ஊறிப்போயிருப்பது இங்கே தகுதிக்குறைவு. தன்னுடைய ஒரே சொத்தான அந்த ஈடுபாட்டையே குற்றமாக வைக்கும் இடத்தில் யார் இருப்பார்?

ஆதரவு இருந்தால் கதை வேறு. 2007 செப்டம்பரில் விக்கிப்பீடியாவின் இணை நிறுவனர் ஜிம்மி வேல்ஸ், கேப் டவுன் அருகே குகுலெத்துவில் இருந்த 'ம்சோலீஸ்' என்ற இறைச்சிக்கடை உணவகம் பற்றி ஒரு குறும்பக்கம் தொடங்கினார். 22 நிமிடத்தில் அதை நீக்கிவிட்டார்கள். பிறகு பெரிய விவாதம் நடந்து, ஆட்கள் திரண்டு மூலம் தேடிச் சேர்த்து, பக்கம் நிலைத்துவிட்டது. நிறுவனர் என்றும் பார்க்காமல் நீக்கினார்களே என்று இதைப் பெருமையாகவும் சொல்லலாம். ஆனால் அதே பக்கத்தை அந்தக் கடையின் வாடிக்கையாளர் ஒருவர் எழுதியிருந்தால் இத்தனை பேர் ஓடிவந்திருப்பார்களா?

நீக்குபவர் வில்லன் இல்லை

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலர் பற்றிய பக்கத்தில், கென்னடி கொலையோடு அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்த பொய் நாலு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. மூலம் எங்கே என்ற கேள்வி இறுகியதற்கு அந்த அவமானத்துக்கும் பங்குண்டு. காசு வாங்கிக்கொண்டு கம்பெனிகளுக்குப் பக்கம் எழுதுகிறவர்கள் ஒருபக்கம், தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்கிறவர்கள் இன்னொருபக்கம். தினமும் இந்த வெள்ளத்தைச் சம்பளமில்லாமல் வடிகட்டுகிறவருக்கு, வாசலில் நிற்கும் மட் ரசிகரும் விளம்பரக்காரரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அந்த அலுப்பு எனக்குப் புரிகிறது. எல்லாவற்றுக்கும் பக்கம் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

ஆனால் நீக்கத்தை ஆதரிக்கிறவர்களின் ஒரு வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. 2008இல் 'எகானமிஸ்ட்' இதழ் ஒரு கணக்கு போட்டது. போக்கிமான் பாத்திரங்களுக்குக் கிட்டத்தட்ட 500 பக்கங்கள், போலந்தின் சாலிடாரிட்டி இயக்கத் தலைவர்களுக்கு ஒரு டஜன்தான். பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் போக்கிமான் பக்கத்தை நீக்கினால் அதை எழுதிய பதினாறு வயதுப் பையன் மறுநாள் போலந்து தொழிற்சங்க வரலாறு எழுத உட்காரப்போவதில்லை. தன்னார்வ உழைப்பு குழாய்த் தண்ணீர் இல்லை, இங்கே அடைத்து அங்கே திருப்ப. நடக்கச் சாத்தியமுள்ளது வேறொன்று. போக்கிமானுக்காக வந்தவன் மேற்கோள் போடக் கற்றுக்கொள்வான், பக்கத்தில் இருக்கும் பிழையைத் திருத்துவான், ஐந்து வருடம் கழித்து ஒருவேளை போலந்துக்கும் போவான். பொழுதுபோக்குதான் பலருக்கு உள்ளே வரும் வழி.

எங்கே போனார்கள்?

போக்கிமான் ரசிகர்கள் 2004இலேயே 'பல்பபீடியா' தொடங்கியிருந்தார்கள். விக்கிப்பீடியாவிலிருந்த தனித்தனிப் பாத்திரப் பக்கங்களில் மிகப் பெரும்பாலானவை பின்னாளில் பட்டியல்களுக்குள் சுருக்கப்பட்டன. ஸ்டார் வார்ஸுக்கு 2005இல் 'வூக்கிபீடியா' வந்தது. இப்படி வெளியே வளர்ந்த ரசிக விக்கிகளில் ஏராளமானவை இன்று இருப்பது 'ஃபேண்டம்' நிறுவனத்தின் கூரைக்குக் கீழே. 2004இல் அதைத் தொடங்கியவர்கள் ஏஞ்சலா பீஸ்லியும் அதே ஜிம்மி வேல்ஸும்தான். விளம்பரமே இல்லாத லாபநோக்கற்ற தளத்தில் இடமில்லாத ரசிகரின் உழைப்பு, பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம் ஓடும் ஒரு கம்பெனிக்குச் சொத்தாகிவிட்டது.

ஆங்கில விக்கிப்பீடியாவின் தீவிரப் பங்களிப்பாளர்கள் 2007இல் 50,000ஐத் தாண்டி உச்சம் தொட்டார்கள். அதன் பிறகு பல வருடங்களுக்குச் சரிவுதான். ஆரன் ஹால்ஃபேக்கரும் மற்றவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் பங்களிப்புகள் அதிகமாக நிராகரிக்கப்பட்டதையும் அவர்கள் தங்காமல் போனதையும் சேர்த்துப் பார்த்தது. முழுப் பழியையும் நீக்க விவாதங்கள் மேல் போட முடியாது. ஆனால் அந்த நிராகரிப்பின் மிகப் பகிரங்கமான வடிவம் இதுதான்.

நமக்கு இது தூரத்துக் கதையில்லை. 2011இல் அச்சல் பிரபாலா 'வாய்மொழி மேற்கோள்' என்றொரு முயற்சி செய்தார். இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும், அச்சில் இல்லாத அறிவை ஒலிப்பதிவு செய்து மூலமாகக் காட்ட முடியுமா என்று பார்த்தார்கள். கேரளத்துச் சிறுவர்கள் ஆடும் 'டப்பா களி' அப்படி வந்த ஒன்று. லட்சக்கணக்கானோர் ஆடிய ஆட்டத்துக்கு ஒரு அச்சு மேற்கோள் கிடைப்பது கஷ்டம். தமிழில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் இரண்டைப் பற்றியும் எந்த இதழ் எப்போது வந்தது, எந்த ஐரோப்பியக் கதையின் தமிழாக்கம் என்றெல்லாம் நுணுக்கமாகத் தொகுத்ததில் பெரும்பங்கு ரசிகர்களுடையது. சிறுபத்திரிகைகளின் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஒரு சிறுபத்திரிகையைப் பற்றி எழுதியது பெரும்பாலும் இன்னொரு சிறுபத்திரிகை. அச்சு ஊடகம் எதைக் கண்டுகொள்ளாமல் விட்டதோ, அதையே கலைக்களஞ்சியமும் இரண்டாவது முறை விட்டுவிடுகிறது.

விதியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 'குறிப்பிடத்தக்கதல்ல' என்பதற்குப் பதில் 'இன்னும் மூலம் கிடைக்கவில்லை' என்று எழுதலாம். நீக்குவதற்கு முன் இணைக்க முடியுமா என்று நிஜமாகவே பார்க்கலாம். நீக்கியதை எழுதியவராவது எடுத்துப்போகும்படி வரைவாக வைக்கலாம். இதற்கெல்லாம் வழி இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் அந்த வழிகள் பழைய ஆட்களுக்குத்தான் தெரியும். நேற்று ராத்திரி முதல் பக்கத்தை எழுதி முடித்தவருக்கு, தன் பக்கத்தின் தலையில் ஒட்டியிருக்கும் நீக்க அறிவிப்புதான் முதலில் கண்ணில் படுகிறது.